கரி கழுவு படலம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

'கரி' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் யானை என்றொரு பொருள் உண்டு. சாட்சி என்று இன்னொன்று. அடுப்புக்கரி எல்லோருக்கும் தெரிந்தது. இந்த மூன்று பொருளும் ஒரே வீட்டு முற்றத்தில் கூடியதைப் பற்றி உரையாசிரியர் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம் கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டு முற்றம். ஆய்வுப்பொருள் என் மச்சானுடைய இசுசு எல்ஃப் லொறி. ஆய்வுக்காலம் ஒரு போயாவிலிருந்து மறு போயா வரை. மச்சானின் கணக்கில் அது 'அரைநாள் வேலை'.

முதலில் யானை. கட்டுகஸ்தோட்டை ஆற்றங்கரை ஒருகாலத்தில் யானை குளிப்பதைப் பார்க்க வெளிநாட்டார் வந்து நின்ற இடம். யானையைத் தண்ணீரில் சரித்துப் படுக்கவைத்து, பாகன் தேங்காய்மட்டையால் தேய்ப்பான். எல்ஃப் லொறிக்கும் இதே முறைதான். யானை முழங்காலை மடிக்கும்; எல்ஃப் தலை குனியும். கொளுவியை விடுவித்துத் தள்ளினால் கெபின் முன்னே கவிழ்ந்துவிடும், இஞ்சின் முதுகு முழுக்க வெளியே தெரியும். தேய்ப்பதற்கு இங்கேயும் தேங்காய்த் தும்புதான். ஒரு வேறுபாடு: யானை தானாகவே எழுந்து போய்விடும்.

அடுத்து, கரி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. 1892இல் காப்புரிமை கேட்ட ருடோல்ஃப் டீசல், தன் இஞ்சினுக்கு நிலக்கரித் தூளையே தீனியாகக் கொடுக்கலாம் என்று எண்ணியவர். ஆகவே டீசல் இஞ்சினுக்குள் கரி வந்தது விபத்தல்ல, பூர்வீக உரிமை என்று வாதிடவும் இடமுண்டு. நேரான விடை வேறு. எரிபொருள் முழுதாக எரியாவிட்டால் மிஞ்சுவது கரி. கொழும்பிலிருந்து 116 கிலோமீட்டர் ஓடிவரும் லொறி, கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சைப் பிடித்து ஏறி நன்றாகச் சூடாகிறது. பிறகு பேராதனை தாண்டிக் கண்டி நகருக்குள் நத்தையாக ஊர்ந்து ஆறிப்போகிறது. ஆறிய இஞ்சின் அரைகுறையாக எரிக்கும். நகரமோ சுற்றிலும் மலை சூழ்ந்த, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக் கிண்ணம். லொறி விட்ட புகை வாவியைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது, வீட்டுக்குப் போக பஸ் கிடைக்காதவனைப் போல.

களத்தில் கண்ட கரி இரண்டு வகை. பிஸ்டன் தலையில் ஒட்டுவது காந்தல் வகை: சோற்றுப்பானையில் அடிப்பிடித்ததுபோல் காய்ந்து இறுகியிருக்கும். காற்றுப் போகும் குழாயில் படிவது தொதல் வகை. உவமைக்காகச் சொல்லவில்லை. குழாயைக் கழற்றிப் பார்த்தபோது பளபளவென்று, எண்ணெய் கசிய, கத்தியில் ஒட்டி இழுபட்டது. வருஷப் பிறப்புக்கு வரும் கறுப்புத் தொதலுக்கும் அதற்கும் பார்வைக்கு வேறுபாடே இல்லை. மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரல்தான் நுழைந்தது. 'எடுக்க மாட்டேன், இழுக்க மாட்டேன்' என்று இரண்டு மாதமாக லொறி சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

தொதல் வகைக்குக் காரணம் ஈ.ஜி.ஆர். வால்வு. நைதரசன் ஒட்சைட்டைக் குறைப்பதற்காக, வெளியே போகும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி இஞ்சினுக்கே மூச்சாகக் கொடுக்கும் ஏற்பாடு அது. அந்தப் புகையில் உள்ள கரியும், இஞ்சினின் வயிற்றிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் குழாயில் சந்தித்தால் தொதல். தான் விட்டதைத் தானே உள்வாங்கித் தீர்க்க வேண்டும். சைவ சித்தாந்தம் இதைக் கன்ம மலம் என்ற தலைப்பில் முன்பே பேசிவிட்டது. ஜப்பான்காரன் வால்வு மட்டும் பூட்டியிருக்கிறான்.

நீக்கும் வழியில் மதங்கள் பல. ஏற்றவாதிகள், லொறியில் பாரத்தை ஏற்றிக் கடுகண்ணாவையில் அழுத்தி விரட்டினால் கரி தானே எரிந்துவிடும் என்பார்கள். இது பாதி உண்மை. 550, 600 பாகை வெப்பத்தில் கரி எரியும்தான்; வெப்பம் எட்டுகிற இடத்தில் காந்தல் குறையும். ஆனால் காற்றுக் குழாயில் அந்தச் சூடு ஏது? தொதல் அங்கேயே இருக்கும். தண்ணீர்வாதிகள், ஓடும் இஞ்சினுக்குள் தண்ணீரைத் துளித்துளியாக விடச் சொல்வார்கள். கை தவறிக் கொஞ்சம் கூடினால், தண்ணீர் அமுங்காத பொருளாகையால் கொனெக்டிங் ரொட் வளையும். ஸ்ப்ரேவாதிகள்தான் பயங்கரமானவர்கள். டீசல் இஞ்சினுக்குப் பிளக் இல்லை. காற்றோடு எரியக்கூடிய எது வந்தாலும் எரித்துக்கொண்டு ஓடும். டப்பாவை அளவுமீறி அடித்தால் சாவியைத் திருப்பியும் நிற்காமல் அலறும். எஞ்சியவர்கள் கழற்றுவாதிகள். கழற்று, சுரண்டு, ஊறவை, தேய், பூட்டு. இக்கட்டுரையாளன் இந்தப் பிரிவைச் சேர்ந்தவன், சோம்பலையும் மீறி.

கழற்றும்போது ஒரு விதி. குழாயை எடுத்ததும் திறந்திருக்கும் நான்கு வாயிலும் சுத்தமான துணியை அடைக்க வேண்டும். உதிரும் கரி சிலிண்டருக்குள் விழக்கூடாது. நான்கு துணி உள்ளே போனால் நான்கும் வெளியே வர வேண்டும். நாங்கள் மூன்று எடுத்தோம். நான்காவதைத் தேடி அரை மணி நேரம் டோர்ச் அடித்தோம். அது மச்சானின் தோளில் கிடந்தது.

இனிச் சொல்லப்போவதை ஆய்வு நேர்மைக்காகச் சொல்கிறேன். ஓர் இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறியும் வால்வின் மூலையில் கரி விடவில்லை. ஹார்ட்வெயாரில் கோஸ்டிக் சோடா வாங்கி வாளியில் கரைத்து, வால்வைப் போட்டேன். கரி விட்டது, அலுமினியமும் விட்டது. சோடியம் ஐதரொட்சைட்டு அலுமினியத்தை அரித்து ஐதரசனைக் கிளப்பும் என்பதை சாதாரண தரத்தில் படித்து, பரீட்சையிலும் எழுதியவன் நான். வாளி பால் பொங்குவதுபோல் பொங்கியபோதுதான் அந்தப் பாடம் புரிந்தது.

மறுநாள் மெக்கானிக் பாஸ் வந்தார். வாளியைப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் புண்பட்டுக் கிடந்த வால்வைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாத்தயா என்ன வேலை செய்றது?"

"பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன்."

"ஆ. அப்ப சரி" என்றார்.

பழைய பாகக் கடையில் வேறு வால்வு தேடி, புதிய கேஸ்கட்டோடு அவரே பூட்டினார். ஆணிகளை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்கினார். வாய்ப்பாட்டைப் போல, ஒரு வார்த்தை பேசாமல்.

இந்த ஆய்வின் முக்கிய முடிவு இனித்தான். கரியை யாரும் நீக்குவதில்லை. அது இடம் மாறுகிறது. குழாயிலிருந்து கத்திக்கு, கத்தியிலிருந்து கைக்கு, கையிலிருந்து கிணற்றடிச் சவர்க்காரத்துக்கு, சவர்க்காரத்திலிருந்து மகனின் பள்ளிச் சட்டைக்கு. கறுத்த மண்ணெண்ணெய் இரண்டு கலன், வீட்டின் பின்னால் இன்னும் நிற்கிறது. வாய்க்காலில் ஊற்றினால் மகாவலி அதைக் கொட்டியாரக் குடாவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். என் தவற்றுக்குத் திருகோணமலை மீன் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? போகலையிலும் கஹட்டகஹவிலும் காரீயம் தோண்டி விற்கிற நாடு இது. சிரட்டையைக் கரியாக்கி உலகத்தின் தண்ணீரை வடிகட்டக் கொடுக்கிற நாடு. அதுவும் காபன், இதுவும் காபன். எங்கள் இரண்டு கலனுக்கு மட்டும் கேள்வி இல்லை.

புகைப் பரிசோதனையில் லொறி தேறியது. அக்சலரேட்டரைத் தரைவரை மிதித்துப் பார்த்தும் இயந்திரம் முகம் சுளிக்கவில்லை. மச்சான் சான்றிதழை இரண்டு கையாலும் ஏந்தி வந்தான். அதன் ஓரத்திலும் ஒரு பெருவிரல்.

கரியின் இன்னொரு பொருள், சாட்சி, மிச்சமிருக்கிறது. போயா முடிந்த காலை என் மனைவி பால்மா டின்னை எடுத்தாள். வெள்ளை மூடியில் நான்கு விரலும் ஒரு பெருவிரலும் பதிந்திருந்தன, கைரேகைப் பதிவில் வைத்ததுபோல் துல்லியமாக.

"தம்பிதானே?" என்றாள்.

"அக்கா, நான் குசினிப் பக்கமே வரல்ல. அத்தானைக் கேளுங்க."

நான் துணியை எடுத்தேன்.

"துடைக்க வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றாள். டின்னை வெளிச்சத்தில் வைத்து, முதலில் தம்பியின் கையை விரிக்கச் சொன்னாள். பிறகு என்னுடையதை.