தராசு எடுத்துக்கிட்டுப் போ பேராண்டி

அலாய் வீலு போடப் போறியாமே? உங்க ஆயா சொன்னா. ரொம்ப சந்தோசம். செகண்ட்ஸ்ல எடுத்த ஆல்டோ 800. 796 சி.சி., 48 குதிரை. அதுக்கு 15 இஞ்சு சக்கரம்! கடைக்காரன் செல்போன்ல போட்டோ காட்டினானாம், நீ பாத்துட்டு ராத்திரி பூரா தூங்கலையாம். உன் வயசுல தூக்கம் வராததுக்கு வேற காரணம் இருக்கும்னு நெனச்சேன்.

"அலுமினியம் தாத்தா, லேசா இருக்கும், வண்டி பறக்கும்"ன்னு வேற சொன்னியாம். பறக்கட்டும். பாலக்கோட்டுல பொண்ணு பாக்கப் போறப்ப பறந்து போய் எறங்கினா மரியாதைதானே. ஆனா நான் முப்பது வருசம் லாரி ஓட்டினவன். சக்கரம்னா ரெண்டு வார்த்தை சொல்லாம விட முடியாது. நீ கேக்க மாட்டே, அது தெரியும். காது சும்மாதானே இருக்கு, அதுபாட்டுக்குக் கேக்கட்டும்.

நம்ம ஊரு தகடூரா இருந்த காலத்துலயே சக்கரத்துக்குப் பேரு போனது. அதியமான் நெடுமான் அஞ்சியை எதிரிங்க லேசா எடை போட்டப்போ, ஔவையார் என்ன சொல்லி மெரட்டினாங்க தெரியுமா? ஒரு நாளைக்கு எட்டுத் தேரு செய்யற கைகாரத் தச்சன், ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் ஒரு மாசம் ஒழைச்சா அது எப்படி இருக்கும், அந்த மாதிரி ஆளு எங்க ராசான்னாங்க. புறநானூறு 87-வது பாட்டு. அதியமான்கோட்டை வழியா தெனம் போறே வரே. எட்டுத் தேரு செய்யற ஆளு ஒரு சக்கரத்துக்கு ஒரு மாசம் மெனக்கெட்டான். நீ நாலு சக்கரத்தை டீ ஆறதுக்குள்ள முடிவு பண்ணிட்டே. காலம் முன்னேறிடுச்சு, நான் என்ன சொல்ல.

உலோகத்துக்கும் நமக்குப் பஞ்சமில்ல. சேலத்துக்கு அந்தப் பக்கம் கஞ்சமலையில இரும்புக் கல்லு. ஏற்காட்டு மலைல பாக்சைட்டை வெட்டி மேட்டூர்ல அலுமினியம் உருக்கினாங்க. மால்கோ கம்பெனி, 1965-ல உருக்க ஆரம்பிச்சது, 2008-ல உலையை அணைச்சுட்டாங்க. சேலத்துக்குள்ள நுழையறப்ப வெள்ளை வெள்ளையாத் தெரியிற மலை மேக்னசைட்டு. மெக்னீசியம் அதுக்குள்ளதான் இருக்கு. ரேசு காருக்கு அந்த உலோகத்துல சக்கரம் வார்ப்பாங்க. நம்ம கல்லு அங்க போகல, உலைக்குச் செங்கல்லாப் போச்சு. தண்ணி எடைக்கு இரும்பு ஏழே முக்கால் மடங்குக்கு மேல, அலுமினியம் 2.7 மடங்கு, மெக்னீசியம் 1.74 மடங்கு. இந்தக் கணக்கைத்தான் கடைக்காரன் உனக்கு ஓதியிருக்கான். பொய் இல்ல. மிச்சத்தை அவன் ஓதலை, அவ்வளவுதான்.

அலுமினியம் இரும்பு அளவுக்குத் தாங்காது. அதனால ரிம்மைத் தடிமனா வார்க்கணும். ஒரே அளவு ரிம்மு ரெண்டை எடுத்தா அலாய் கொஞ்சம் லேசா இருக்கலாம். மட்டமான வார்ப்பா இருந்தா அதுவும் இருக்காது. நீ கேக்கறது ஒரே அளவா? உன் வண்டிக்குக் கம்பெனி குடுத்தது 12 இஞ்சு. நீ கேக்கறது 15. மூணு இஞ்சு பெருசு, அகலமும் சாஸ்தி. குறைஞ்ச எடையெல்லாம் அங்கேயே திரும்பி வந்து, வட்டிக்கு இன்னும் ரெண்டு கிலோவைக் கூட்டிக்கிட்டு உக்காந்துக்கும். நெஜமாவே லேசான பெரிய ரிம்மும் இருக்கு. உருக்கி ஊத்தாம, அழுத்தி அடிச்சு செய்யற ஃபோர்ஜ்டு ரிம்மு. நாலு வாங்கினா உன் ஆல்டோவை வித்துத்தான் காசு குடுக்கணும். அப்புறம் அந்த நாலையும் எதுல மாட்டுவே?

சந்தேகமா இருந்தா எடை போட்டுப் பாரு. பொண்ணோட அப்பன் தக்காளி மண்டிதானே வெச்சிருக்காரு, அங்க எலக்ட்ரானிக் தராசு இருக்கும். பழைய சக்கரம் ஒண்ணு, புதுச் சக்கரம் ஒண்ணு, ரெண்டையும் டயரோட தூக்கி வெய்யி. டயரோட, கவனம். ரிம்மு எடையை மட்டும் பேசறவன் பாதி எடையை மறைக்கறான். அகலமான டயரு தன் பங்குக்குத் தனியா கனக்கும், அதுவும் ஓரத்துல நின்னு கனக்கும். எடை போட்டுக் காட்டுங்கன்னு கேட்டதும் கடைக்காரன் முகத்தைப் பாரு. அதுக்கே நீ போயிட்டு வந்த பெட்ரோல் காசு சரியாப் போயிடும்.

ஓரத்துல கனத்தா என்னன்னு கேக்கறியா? உங்க ஆயா ராகி அரைக்கிற திரிகையை ஒரு தடவை சுத்திப் பாரு. பெரிய கல்லு கெளம்பறதுக்கும் மூச்சு வாங்கும், கெளம்பிட்டா நிறுத்தறதுக்கும் மூச்சு வாங்கும். சக்கரத்து ஓரத்துல ஏறற ஒரு கிலோ, வண்டி கெளம்பறப்பவும் நிக்கறப்பவும் கிட்டத்தட்ட ரெண்டு கிலோவாக் கணக்கு வெக்கும். வண்டியோட சேந்து முன்னாலயும் ஓடணும், தன்னைத்தானே சுத்தவும் செய்யணும் இல்லியா.

அதுக்காக ரொம்பவும் பயமுறுத்த மாட்டேன். சக்கரத்துக்கு மூணு கிலோ வீதம் நாலுலயும் குறைச்சே வெச்சுக்க, பன்னெண்டு கிலோ. ரெட்டிச்சாலும் இருவத்தி நாலு. உன் மச்சான் தனியா எழுவது கிலோ இருக்கான், பின்சீட்ல படுத்துக்கிட்டே வர்றான். அவனை பஸ்சுல வரச் சொன்னா வண்டி இன்னும் நல்லா பறக்கும், செலவும் கிடையாது. டிக்கியில கெடக்கற போன வருசத்து உர மூட்டை, அதையும் எறக்கு.

லேசான சக்கரத்தோட ஆதாயம் வேகத்துல கம்மி, குழியிலதான் சாஸ்தி. ஸ்பிரிங்குக்கு மேல இருக்கற எடையை ஸ்பிரிங்கு தாங்கும். கீழ இருக்கற சக்கரம், பிரேக்கு எல்லாம் ரோட்டோட நேரா முட்டும். சக்கரம் லேசா இருந்தா மேட்டுல ஏறி சட்டுனு எறங்கி ரோட்டைப் புடிச்சுக்கும். கனமா இருந்தா எகிறிட்டு, எறங்க நேரம் எடுத்துக்கும். அந்த நேரத்துல நீ ஸ்டேரிங்கை ஒடிச்சாலும் பிரேக்கை மிதிச்சாலும் டயருக்கும் ரோட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வத்தல்மலை வளைவுல அப்படி ஒரு அரை நொடி போதும்.

டயர் மேல எழுதியிருக்கறதை என்னிக்காவது படிச்சிருக்கியா? சினிமா போஸ்டரை நின்னு படிப்பே. 145/80 ஆர் 12 74 டி. அகலம் 145 மில்லி. அதுல நூத்துக்கு எம்பது, அதாவது 116 மில்லி, டயரோட பக்கச் சுவரு. ஆர்னா ரேடியல், 12 ரிம்மு இஞ்சு. 74-ன்னா ஒரு டயரு 375 கிலோ தாங்கும். டி-ன்னா மணிக்கு 190 கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும். உன் வண்டி மலை உச்சியில இருந்து விழுந்தாத்தான் அந்த வேகம் வரும், அதை விடு. மொத்த ஒசரம் 537 மில்லி வருது.

இதே ஒசரத்துல 15 இஞ்சு ரிம்மு மாட்டணும்னா 195/40 டயரு போடணும். கணக்கு கச்சிதம், அதே 537. ஆனா 116 மில்லி இருந்த பக்கச் சுவரு 78 ஆயிடும். குழியில எறங்கறப்ப அடியை வாங்கிக்கறது அந்தச் சுவருதான். அதை மூணுல ஒரு பங்கு வெட்டி எறிஞ்சுட்டு, பென்னாகரம் தாண்டி உள் ரோட்டுல ஓட்டப் போறே. வேகத்தடைன்னு ஒண்ணு போட்டிருப்பான், அதுக்கு வெள்ளைக் கோடும் இருக்காது, பலகையும் இருக்காது. ராத்திரி அதுல ஏறினியானா டயரு சும்மா இருக்கும், ரிம்மு பேசும்.

இரும்பு ரிம்மு நெளிஞ்சா பஞ்சர் கடைக்காரன் சுத்தியை எடுத்து ரெண்டு தட்டு தட்டி, பெண்டு எடுத்து, டீக்காசு வாங்கிட்டு அனுப்பிடுவான். அலாய் நெளியறதும் உண்டு, விரியறதும் உண்டு. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. டியூப்லெஸ்ல தெனம் காலையில காத்து கம்மியா இருக்கும், நீ பக்கத்து வூட்டுப் பையன் மேல பழி போடுவே. வெல்டு வெச்சுத் தரேன்னு எவனாவது சொல்லுவான். வெச்சுக்கோ, அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்.

15 வேணாம், 13 போதும், கடையில 155/80 ஆர் 13 கெடைக்குதுன்னு எறங்கி வர்றியா? ஒரு இஞ்சுதானேன்னு தோணும். அதோட ஒசரம் 578 மில்லி. நூத்துக்கு ஏழரைக்கு மேல பெருசு. மீட்டரு 80 காட்டறப்ப நெஜத்துல 86-ல போவே. போலீஸ்காரரு உன் மீட்டரைப் பாத்து ஃபைன் போடறதில்ல. கியர் எல்லாம் ஒரு படி சோம்பேறி ஆயிடும், மேட்டுல ரெண்டாவதுல போனது மொதல் கியர் கேக்கும். அதே பிரேக்கு பெரிய சக்கரத்தைப் புடிக்கறதால புடியும் கொஞ்சம் தளரும். ஸ்டேரிங்கை முழுசா ஒடிச்சா உள்ள உரசினாலும் உரசும். ஒசரம் மாறாம அளவு மாத்தறதும் இருக்கு. ஸ்விஃப்ட்டுக்குக் கம்பெனிக்காரனே சின்ன மாடலுக்கு 165/80 ஆர் 14, பெரிய மாடலுக்கு 185/65 ஆர் 15-ன்னு குடுத்தான். ரெண்டையும் கூட்டிப் பாரு, ஒசரத்துல ரெண்டு மில்லிதான் வித்தியாசம். உன் கடைக்காரன் அந்தக் கூட்டலைப் போட்டானான்னு கேளு.

அப்புறம் போல்ட்டு. நாலு ஓட்டைதானே, எல்லாம் மாட்டிக்கும்னு நெனைக்காதே. ஓட்டைங்க நிக்கற வட்டம் 100 மில்லியும் இருக்கு, 114.3-ம் இருக்கு. நடு ஓட்டை ஹப்புல கச்சிதமா உக்காரணும், இல்லன்னா ஸ்டேரிங் நடுங்கும். ஆஃப்செட்டு தப்பினா சக்கரம் வெளிய துருத்தும், பேரிங் சீக்கிரம் போயிடும். அலாய்க்குன்னு தனி நட்டு வரும், பழசை வெச்சு இறுக்கக் கூடாது. மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி டைட்டு பாக்கணும். சேராததுக்கு ஸ்பேசர் வெச்சுத் தரேன்னு சொன்னா, செருப்பை எடுத்துக்கிட்டு வெளிய வந்துடு. லேசு பண்றதுன்னா என்னன்னு டாட்டா நானோவைப் பாத்திருக்கணும் நீ. சக்கரத்துக்கு மூணே நட்டு! முன்னாடி 135 டயரு, பின்னாடி 155. எல்லாரும் சிரிச்சாங்க. அங்க ஒவ்வொரு கிராமுக்கும் ஒரு இஞ்சினியரு கணக்குப் பாத்தான். உன் பக்கம் கணக்குப் பாக்கறவன் யாரு, அந்தப் போட்டோவா?

சேலம் போறப்ப தொப்பூர் கணவாய் எறங்கணும், அதையும் யோசி. டீசல் மிச்சம் பண்றேன்னு லாரிக்காரங்க நூட்டரல்ல எறக்கி எத்தனை பேரு போனாங்கன்னு அந்த ரோட்டுக்குத் தெரியும். நீ மூணாவது கியர்ல எறங்கு. கனமான சக்கரம் ஒவ்வொரு மிதிக்கும் பிரேக்கைக் கூடுதலா சூடு பண்ணும். அலாய் சூட்டைச் சீக்கிரம் எறக்கும், கம்பி நடுவுல காத்தும் போகும், அது நெஜம். அதை நான் ஒத்துக்கறேன், எழுதி வெச்சுக்கோ, அடிக்கடி ஒத்துக்க மாட்டேன்.

உனக்கு அலாய் போட்டே தீரணும்னா, அதே இஞ்சுல, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கறதா, உன் வண்டிக்கே பொருந்தறதா எடுத்து மாட்டு. இன்சூரன்ஸ்காரனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு, அப்புறம் கிளெய்ம்ல அவன் உனக்குச் சட்டம் சொல்லிக் குடுப்பான். மிச்சக் காசை நல்ல டயர்ல போடு. அதே 145/80, 74-க்குக் கொறையாம. வாங்கறப்ப பக்கத்துல நாலு எண்ணு இருக்கும், பாரு. 2324-ன்னா 2024-ஆம் வருசத்து 23-ஆவது வாரம் செஞ்சது. கோடவுன்ல மூணு வருசம் தூங்கினதைப் புதுசுன்னு தலையில கட்டுவான். டயர் மேல இருக்கற பட்டன் 1.6 மில்லிக்குக் கீழ தேஞ்சா சட்டப்படியே ஓட்டக் கூடாது. காத்து, டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல போட்டிருக்கற அளவு. வாரா வாரம் பாரு. கம்மிக் காத்துல ஓட்டினா எந்த லேசு ரிம்மும் மைலேஜைக் காப்பாத்தாது.

ஸ்டெப்னியைப் பத்திக் கடைக்காரன் ஏதாவது சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். நாலும் 15, டிக்கியில இருக்கறது 12. ஒண்ணு பஞ்சரானா, ஒசரம் ஒண்ணா இருந்தாலும் அகலம் வேறங்கறதால வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு வரும், அலாய் நட்டும் அதுக்குச் சேராது. ராத்திரி பதினோரு மணிக்குத் தொப்பூர்ல நின்னுக்கிட்டு எனக்குப் போன் பண்ணாதே. எனக்குக் காது கேக்காது. அந்த நேரத்துக்கு மட்டும் கேக்காது.

இன்னொண்ணு. பழைய ரிம்மு நாலையும் எடை போட்டு எடுத்துக்கறேன்னு கேப்பான், குடுத்துடாதே. கோழிக் கூண்டுக்கு மேல அடுக்கி வெய்யி. கல்யாணம் முடிஞ்சு மாமனாரு பார்வை படறது கொறைஞ்சதும் தேவைப்படும்.

என்ன முழிக்கறே? நேத்தே குடுத்துட்டியா? எவ்வளவுக்குடா? சரி சரி, அவன் நம்பரு இருக்கா?