போடப் போடச் சரியாயிடும், மன்னா!

உங்கள் வாக்கிங் ஷூவைக் கவிழ்த்துப் பாருங்கள். இங்கிலாந்துக் கணக்கில் 8 என்று போட்டிருந்தால், 33 பார்லி மணிகளுக்குள் காலை நுழைத்துக்கொண்டு நடக்கிறீர்கள் என்று அர்த்தம். மூன்று பார்லி மணிகளை நீளவாட்டில் வரிசையாக வைத்தால் ஓர் அங்குலம் என்பது அந்த ஊர்ப் பழைய கணக்கு. 1324-ல் இரண்டாம் எட்வர்டு மன்னர் இதை ஆணையாகவே போட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. மன்னர் எந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்கப் போட்டாரோ, ஷூ தைப்பவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் ஒரு பார்லி, அதாவது 8.47 மில்லிமீட்டர் வித்தியாசம். குழந்தைகளுக்கு நாலு அங்குலத்தில் பூஜ்யம் என்று ஆரம்பித்து 13 வரை எண்ணுவார்கள். அதற்குமேல் எண்ணத் தெரியாதவர்கள் மாதிரி மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். இப்படியே எண்ணிக்கொண்டு போனால் பெரியவர்களின் 8 சரியாக 11 அங்குலத்தில் வந்து நிற்கும். அதுவும் உங்கள் பாதத்தின் நீளம் அல்ல. எந்தக் கட்டைக் காலின் மேல் வைத்து ஷூவைத் தைத்தார்களோ, அந்தக் கட்டையின் நீளம்.

பார்லி பிடிக்காத பிரெஞ்சுக்காரர்கள் சென்டிமீட்டரை மூன்றாக வெட்டி, அதில் இரண்டு துண்டை ஒரு சைஸ் என்று வைத்துக்கொண்டார்கள். அதனால் அதே ஷூ அங்கே 42. அமெரிக்காவுக்குப் போனால் 9. ஒரே காலுக்கு மூன்று ஜாதகம். மூன்று ஜோசியர்களும் நீளத்தைப் பற்றித்தான் பேசினார்கள். பாதத்துக்கு அகலம் என்று ஒன்று இருப்பது யார் காதிலும் விழவில்லை.

நீளத்தைப் பற்றியாவது பேசினார்களே என்று நாம் சந்தோஷப்பட வேண்டும். ஐரோப்பாவில் குதி உயர்ந்த ஷூ நாகரிகமான காலத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இடது ஷூ, வலது ஷூ என்ற பேதமே பெரும்பாலும் கிடையாது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. பிரபுக்களும் சீமாட்டிகளும் அப்படியே மாட்டிக்கொண்டு நடனம் ஆடினார்கள். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ரோமாபுரிச் சிப்பாய் இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு என்று போட்டுக்கொண்டு திரிந்தவன். நாகரிகம் வளர்ந்ததும் அது மறந்துபோயிற்று. அந்தக் காலத்துக் கடைக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை: "போடப் போடச் சரியாயிடும், பிரபு!"

(காலணி ஆண்டும் ஒருவரையும் கடிக்காத ஒரே ராஜ்யம் அயோத்தி. பதினான்கு வருஷம் ராமரின் பாதுகை சிம்மாசனத்தில் இருந்தது. யாரும் போட்டுப் பார்க்கவில்லை, அதனால் புகாரும் இல்லை.)

ஓடுவதற்கும் குதிப்பதற்கும் தனி ஷூ வேண்டும் என்றால் ரப்பர் வேண்டும். அந்தக் காலத்து ரப்பரோ கோடையில் உருகி, குளிரில் வெடித்துக்கொண்டிருந்தது. 1839-ல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்து அடுப்பில் வாட்டி அதைப் பணியவைத்தார். கண்டுபிடித்த மனிதர் 1860-ல் கடன்காரராகவே செத்துப்போனார். அவர் பெயரை வைத்து டயர் கம்பெனி தொடங்கியவர்கள் அவருக்கு உறவுகூட இல்லை. ஷூவின் வரலாற்றில் இப்படித்தான்: கண்டுபிடித்தவருக்குக் கடன், விற்றவருக்குக் கார்.

பாதத்தின் வளைவைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர்களில் ஒருவர் பாஸ்டனில் இருந்த வில்லியம் ரைலி. அவருக்கு ஞானம் கிடைத்தது கோழியிடம். கொல்லையில் கோழி மூன்று விரலை ஊன்றி என்னமாய் நிற்கிறது பார் என்று வியந்து, 1906-ல் ஷூவுக்குள் வைக்கும் தாங்கி செய்ய ஆரம்பித்தார். அந்தத் தாங்கிக் கம்பெனிதான் இன்றைய நியூ பேலன்ஸ். மனிதக் காலைப் புரிந்துகொள்ளக் கோழிக்காலைப் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் மன்னரின் பார்லிக்கு இது எவ்வளவோ தேவலை.

காலையே நேராக அளந்தால் என்ன என்று யோசித்தவர் சார்லஸ் பிரானக். நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் அப்பாவுக்கு ஷூக் கடையில் பங்கு. பையன், குழந்தைகள் திருகி விளையாடும் உலோகப் பட்டைகளை வைத்து ஒரு மாதிரி செய்து பார்த்து, 1920-களின் பின்பாதியில் காப்புரிமையும் வாங்கினார். நீளம், அகலம், குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமேடு வரையுள்ள தூரம் என மூன்றையும் அளக்கும் உலோகத் தட்டு அது. பெரிய ஷூக் கடைகளின் மூலையில் இன்றும் தூசி படிந்து கிடக்கும். நல்ல கருவி, மலிவான கருவி, ஆபத்தில்லாத கருவி. ஆகவே உலகம் உடனே வேறொன்றின் பின்னால் ஓடியது.

அந்த வேறொன்று எக்ஸ்ரே. தமாஷ் இல்லை. 1920-களிலிருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஷூக் கடைகளில் நெஞ்சளவு உயரமுள்ள மரப்பெட்டி ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். புது ஷூவைப் போட்டுக்கொண்டு பெட்டியின் அடியிலிருந்த பொந்துக்குள் காலை விட வேண்டும். மேலே பார்ப்பதற்கு மூன்று துவாரங்கள்: பிள்ளைக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, விற்பனையாளருக்கு ஒன்று. பொத்தானை அழுத்தினால் பச்சை வெளிச்சத்தில் ஷூவின் ஆணிகளுக்கு நடுவே விரல் எலும்புகள் நெளியும். பிள்ளைகளுக்கு இது இலவச சினிமா. ஷூ வாங்காவிட்டாலும் கடைக்குள் புகுந்து காலை விட்டுப் பார்த்துவிட்டு ஓடும் வாண்டுகள் இருந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 10,000 பெட்டிகள். கதிர்வீச்சு காலோடு நிற்காமல் மேலேயும் பக்கவாட்டிலும் கசிந்துகொண்டிருந்தது. பிள்ளைக்காவது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தரம். கடைச் சிப்பந்திக்கு நாள் முழுக்க.

இதில் உச்சக்கட்ட வேடிக்கை என்னவென்றால், கடிப்பது எலும்பை அல்ல, சதையை. கொப்புளம் எக்ஸ்ரேயில் தெரியாது. சுண்டுவிரல் நசுங்குகிறதா என்று அறிய உலகத்தில் ஏற்கெனவே ஒரு கருவி இருந்தது. அதன் பெயர் சுண்டுவிரல். "வலிக்குதாடா கண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்கவில்லை, படம் பிடித்தார்கள். 1957-ல் பென்சில்வேனியா மாநிலம் முதலில் தடை போட்டது. பிறகு மெல்ல மெல்ல மற்ற இடங்களிலும் பெட்டிகள் பரணுக்குப் போயின.

இதற்கிடையில் ஜெர்மனியில் ஒரு பங்காளிச் சண்டை. ஹெர்ட்சோகனவ்ராக் என்ற சிற்றூரில் அம்மாவின் சலவை அறையில் ஷூ தைக்க ஆரம்பித்தவர் அடி டாஸ்லர். அண்ணன் ரூடால்ஃப் சேர்ந்துகொள்ள, 1924-ல் சகோதரர்கள் கம்பெனி உதயம். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் அவர்களுடைய ஆணி ஷூவோடு ஓடினார். 1948-ல் பாகப்பிரிவினை. காரணம் என்ன என்று ஊரில் ஆளுக்கொரு கதை. பொண்டாட்டிமார் சண்டை என்பார்கள், பணம் என்பார்கள், போர்க்கால மனஸ்தாபம் என்பார்கள். நம்மூர் வரப்புத் தகராறுக்கு இருக்கும் அத்தனை காரணங்களும் இருந்தன, வரப்பைத் தவிர. தம்பியின் கடை அடிடாஸ், அண்ணன் கடை பூமா. ஆற்றுக்கு இக்கரையில் ஒன்று, அக்கரையில் ஒன்று. பேச்சுக் கொடுக்கும் முன் எதிராளியின் காலைக் குனிந்து பார்ப்பது ஊர் வழக்கமாயிற்று. செத்த பிறகும் ஒரே கல்லறைத் தோட்டத்தின் இரு கோடியில்தான் இருவரும் படுத்திருக்கிறார்கள்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆர்மின் ஹாரி என்ற ஜெர்மானியர் பூமாவைப் போட்டுக்கொண்டு 100 மீட்டரில் தங்கம் வாங்கினார். பதக்க மேடைக்கு வரும்போது காலில் அடிடாஸ். இரண்டு வீட்டு விருந்தும் கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அடி டாஸ்லருக்குக் கோபம் வந்ததுதான் மிச்சம்.

அதே ரோமில், அதே ஒலிம்பிக்கில், எத்தியோப்பியாவிலிருந்து வந்த அபேபே பிகிலாவுக்கு ஒரு ஜோடிகூட அமையவில்லை. கடைசி நேரத்தில் அணிக்குள் வந்தவர். அடிடாஸிடம் மிச்சமிருந்த சில ஜோடிகளைப் போட்டுப் பார்த்தார், கடித்தது. இங்கேதான் உலக வரலாற்றில் ஒரு மனிதர் சரியான முடிவெடுத்தார். ஊரில் வெறுங்காலோடு பயிற்சி செய்தவர் ஆதலால், கழற்றி வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றார். கூடவே நின்றவர்கள் பரிதாபமாகப் பார்த்திருப்பார்கள். இருட்டிய பிறகு, பந்த வெளிச்சத்தில், பழைய ஆப்பியன் சாலையின் கற்களின் மேல் ஓடி, கான்ஸ்டன்டைன் வளைவில் 2 மணி 15 நிமிடம் 16.2 வினாடியில் வந்து சேர்ந்தார். அதுவரை யாரும் மாரத்தானை அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. 1964 டோக்கியோவில் காலுக்குச் சரியாக அமைந்த பூமாவோடு ஓடி மறுபடியும் தங்கம். குடல்வால் அறுவை சிகிச்சை ஆகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. முடிந்ததும் புல்லில் படுத்துக் கைகால் ஆட்டி உடற்பயிற்சி வேறு செய்தார். 'வெறுங்காலே சிறந்தது' என்று பிகிலாவை வைத்துப் பிரசங்கம் செய்கிறவர்கள் டோக்கியோவைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். ரோமில் அவர் மறுத்தது ஷூவை அல்ல, கடிக்கிற ஷூவை.

கோழிக்கால் கம்பெனி அதே 1960-ல், ஒரே நீளத்தில் பல அகலங்களோடு ஓட்ட ஷூ ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்லிக்குப் பிறகு வந்த பெரிய சமாசாரம் என்று நான் நினைப்பது இதைத்தான். ஆனால் ஒரே மாடலை மூன்று நான்கு அகலத்தில் அடுக்கி வைக்க எந்தக் கடைக்காரருக்கு மனசு வரும்? பெரும்பாலான கடைகளில் இன்றும் ஒரே அகலம்தான்.

டோக்கியோவின் சூடு ஆறுமுன், 1965-ல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவிக்குப் 'பத்தாயிரம் அடி மானி' என்று பெயர் வைத்தது. விற்பனைக்கு வைத்த அந்த எண்ணைத்தான் இன்று நம் போன் வேதவாக்காகச் சொல்கிறது. பத்தாயிரம் அடி என்றால், பொருந்தாத ஷூ ஒவ்வொரு காலையும் ஐயாயிரம் தரம் கடிக்கும்.

மெதுவோட்ட மோகத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஓரிகன் பயிற்சியாளர் பில் பவர்மன். 1971-ல் ஒரு காலை, வாஃபிள் பலகாரத்தின் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, இதைத் தலைகீழாக ஷூவின் அடியில் ஒட்டினால் என்ன என்று தோன்றியது. வாஃபிள் வார்க்கும் இரும்பு நம்மூர்ப் பணியாரச் சட்டிக்கு அமெரிக்கச் சம்பந்தி. மனைவியின் அந்தச் சட்டியை எடுத்து யூரித்தேனை ஊற்றினார். எண்ணெய் தடவ மறந்துபோனதால் சட்டி நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. பவர்மன் கூட்டாளியாக இருந்த நைக்கியின் புகழ்பெற்ற அடிப்பாகம் மனைவி பார்பரா அம்மாளின் சட்டியில் பிறந்தது. பசையின் நச்சுப் புகையால் பின்னாளில் பவர்மனின் கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, தான் செய்த ஷூவில் தானே ஓட முடியாமல் போனார் என்பது சிரிக்க முடியாத பகுதி.

நம் பக்கம் வருவோம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியக் கால்பந்து வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடி 2-1 என்றுதான் தோற்றார்கள், அதுவும் இரண்டு பெனால்ட்டிகளை வீணாக்கிவிட்டு. நம் பள்ளிக்கூடங்களிலோ வெள்ளை கேன்வாஸ் ஷூ கட்டாயம். அழுக்கானால் சாக்பீஸ் தேய்ப்பதும், "வளர்ற பையன், ரெண்டு சைஸ் பெருசாவே குடுங்க" என்று அப்பா கடையில் சொல்வதும், முனையில் செய்தித்தாள் திணிப்பதும் குடும்ப மரபு. ஷூ காலுக்குச் சரியாக வரும் நாளில் அடிப்பாகம் பிளந்திருக்கும்.

அந்த அப்பாவுக்குப் பின்னாளில் விஞ்ஞானம் பாதி சான்றிதழ் கொடுத்தது. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிட அகலம் என்று தெரிந்தது. அகலம் கிடைக்காததால் நீளத்தைக் கூட்டி வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதும் தெரிந்தது. குழந்தை முதல் பெரியவர் வரை எட்டே சைஸில் அடங்கும் 'பா' என்ற இந்திய அளவுமுறையை முன்மொழிந்திருக்கிறார்கள். செய்யாற்றில் உலகத்துக்கே விளையாட்டு ஷூ தைத்து அனுப்புகிறோம். நம் காலை அளந்து பார்க்க 2021 ஆகியிருக்கிறது.

அது கடைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாலையில் போங்கள், நாள் முழுக்க அலைந்த கால் அப்போதுதான் சற்று உப்பியிருக்கும். நடக்கப் போடும் அதே சாக்ஸோடு போங்கள். ஷூவின் உள்ளட்டையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதம் ஓரத்தில் வழிந்தால் அந்த ஜோடி உங்களுக்கு இல்லை. இரண்டு காலில் பெரிய காலுக்குப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். குதிகால் வழுக்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களைக் கால், வலியைச் சொல்லாமல் ஏமாற்றலாம். அவர்கள் உணர்ச்சியை நம்பாமல் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் "என்ன நம்பர் சார்?" என்று கேட்டால் சொல்லாதீர்கள். உட்கார்ந்து, காலை நீட்டி, அளக்கச் சொல்லுங்கள்.