சான்றிதழ்ப் பீடத்தாருக்கு ஒரு விக்ஞாபனம்

உலகத்து வலைத்தளங்களுக்கெல்லாம் நன்னடத்தைச் சான்று வழங்கும் மகிமை பொருந்திய பீடத்தார்க்கும், அச்சான்றைப் பரீட்சித்துக் கதவைத் திறப்பதும் அடைப்பதுமாக இருக்கும் உலாவி நிர்மாணிகளுக்கும், சில வருஷம் சென்ற கருவி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கைப்பேசிக் கம்பெனியாருக்கும், தான் இன்னும் இறக்கவில்லை என்பதை ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் ருசுப்படுத்தக் கடமைப்பட்ட ஓர் ஓய்வூதியன் சாஷ்டாங்கமாகச் செய்துகொள்ளும் விக்ஞாபனம்.

சென்ற திங்கட்கிழமை, பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தின் மரப்பெஞ்சியில் என்னையொத்த விருத்தர்கள் சூழ நான் அமர்ந்திருந்தபோது, "சார், டோக்கன் ஆன்லைன்லதான் எடுக்கணும், உங்க போன்லயே எடுத்துடுங்க" என்று உத்தியோகஸ்தராகிய இளைஞர் ஆக்ஞாபிக்க, நானும் 2016-இல் என் மகன் வாங்கித் தந்த கைப்பேசியில் அவ்வலுவலகத்தின் சொந்தத் தளத்தையே திறக்க, சிவந்த முக்கோணம் ஒன்று வயிற்றில் ஆச்சரியக்குறியைத் தாங்கிக்கொண்டு திரையில் பிரசன்னமாயிற்று. என் இணைப்பு தனிப்பட்டது அல்லவாம். யாரோ தாக்குபவர்கள் என் கடவுச்சொற்களையும் கடன் அட்டை எண்களையும் களவாட முயலக்கூடுமாம். பக்கத்திலிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை; குடையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சிக்குப் போய்விட்டார். இளைஞரோ குரலைத் தாழ்த்தி, "எந்த சைட்டுக்கு சார் போனீங்க?" என்று கேட்டார். "உங்க சைட்டுக்குத்தான் தம்பி" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எழுபது வயசுக்கு மேல் எனக்கு இப்படியொரு கீர்த்தியைச் சம்பாதித்துக் கொடுத்த தங்கள் அநுக்கிரகத்தை என்னவென்று சொல்வேன்!

நான் உயிரோடிருக்கிறேனா என்று விசாரிக்கும் தளமானது, தான் உயிரோடிருப்பதை என் கைப்பேசியிடம் ருசுப்படுத்த இயலாமல் வாசலிலேயே நின்றுவிட்டது என்பதுதான் இதன் தாத்பரியம். என் கருவியின் உள்ளே, அது உற்பத்தியான அன்று எழுதி வைத்த பெரியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. எந்தத் தளம் வந்தாலும், அதற்குக் கையெழுத்திட்டவர் யார், அவருக்குக் கையெழுத்திட்டவர் யார் என்று மேலே ஏறிச் சென்று, பட்டியலிலுள்ள ஒரு மூலவரைத் தொட்டால்தான் கதவு திறக்கும். அந்த மூலவர்களோ ஒவ்வொருவராகக் காலமாகிக்கொண்டிருக்கிறார்கள். புதியவர் பெயரை எழுதி அனுப்ப வேண்டிய கம்பெனி, ஆண்டிராய்டு 6 என்ற சொல்லைக் கேட்டாலே மௌனவிரதம் பூண்டுவிடுகிறது. ஆகவே நானும் என் கைப்பேசியும் அந்த அலுவலகத்தின் தளமும் ஒரே நிலையில் இருக்கிறோம்: மூவருக்கும் உயிர் இருக்கிறது, மூவருக்கும் சான்று இல்லை.

உறவினர் பையன் ஒருவன், கைப்பேசியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளினால் பழைய பெரியவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று உபாயம் சொன்னான். தள்ளினேன். 2021-ஆம் ஆண்டுக்குச் சென்ற என் கைப்பேசி, தளத்தின் சான்று இன்னும் பிறக்கவேயில்லை என்று அறிவித்தது. இன்றைய தேதியில் தாத்தா இல்லை, அன்றைய தேதியில் பேரன் இல்லை. ஜனன மரணப் பதிவாளரிடம் இதைச் சொன்னால் அவரும் என் பக்கத்திலிருந்து எழுந்து அடுத்த பெஞ்சிக்குப் போய்விடுவார்.

ஆயினும் தங்கள் சரித்திரத்தில் கருணையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்னும் திருநாமம் பூண்ட மூலச் சான்று 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி அவதரித்து, 2021-இல் அதே தேதியில் ஆயுள் முடிந்தது. தளங்களுக்கு இலவசமாகவே சான்று கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற தரும ஸ்தாபனம் அந்தப் பெரியவரின் கையெழுத்தைக் கொண்டுதான் பழைய கருவிகளுக்குள் பிரவேசித்து வந்தது. அதன் சொந்த மூலச் சான்றை ஆண்டிராய்டு 7.1.1-க்கு முந்திய கருவிகள் அறியமாட்டா. 2020-இன் கடைசியில், உலகத்து ஆண்டிராய்டு கருவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படிப்பட்ட கிழங்களே. என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டியலில் உள்ள மூலவரின் ஆயுட்காலத்தை ஆண்டிராய்டு சரிபார்ப்பதில்லை என்பதைக் கண்டறிந்து, மரணத் தறுவாயில் இருந்த அந்தப் பெரியவரிடமே, அவர் போன பிற்பாடும் மூன்று வருஷம் செல்லுபடியாகும்படி ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். 2024 செப்டம்பர் வரையில் அந்தக் கையெழுத்து ஜீவித்திருந்தது. செத்தவர் மூன்று வருஷம் சாட்சி சொன்னார், உலகம் ஏற்றுக்கொண்டது. உயிரோடு பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் நான் சொல்லும் சாட்சியை ஏற்க ஆளில்லை.

எச்சரிக்கையே வேண்டாம் என்பது என் வாதமன்று. 2011-இல் டிஜிநோட்டார் என்ற டச்சு ஸ்தாபனத்துக்குள் திருடர் புகுந்து, கூகுளின் பெயரிலேயே போலிச் சான்று தயாரித்து, ஈரான் தேசத்து மக்களின் கடிதங்களை வேவு பார்த்தார்களே, அந்த மாதிரி அக்கிரமத்தைத் தடுக்கும் காவல் அவசியந்தான். ஆனால் திருடனைப் பார்த்துக் குரைப்பதும், நியாயமான தளத்தைப் பார்த்து அடையாளம் தெரியாமல் குரைப்பதும் ஒரே தொனியில், ஒரே சிவப்பில் இருந்தால் கேட்பவன் எதை நம்புவான்? பத்துத் தடவை வீணாகப் பயந்தவன் பதினோராம் தடவை 'மேம்பட்டவை' என்ற பொத்தானை அழுத்தி உள்ளே போய்விடுவான், அங்கே மெய்யாகவே திருடன் இருப்பான்.

இங்கே பணிவு சற்றுத் தவறுகிறது. என் கைப்பேசி பழுதாகவில்லை. திரை உடையவில்லை. பேசினால் கேட்கிறது, அழைத்தால் அடிக்கிறது. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மூலச் சான்றின் கனம் ஏறத்தாழ இரண்டு கிலோபைட்டு, தினம் காலையில் சம்பந்தி அனுப்பும் ரோஜாப்பூப் படத்தில் ஒரு இதழுக்குக்கூடக் காணாது. அதை அனுப்பக் கம்பெனிக்காரனுக்கு மனமில்லை. பதினையாயிரம் கொடுத்துப் புதுசு வாங்கு என்கிறான். எவன் அப்பன் வீட்டுப் பணம் இது? மாத்திரை வாங்குகிற காசு ஐயா!

க்ஷமிக்க வேண்டும், இரத்த அழுத்தம். தங்கள் தூரதிருஷ்டியைப் புகழ்வதே என் நோக்கம். சான்று வழங்குவோரும் உலாவி செய்வோரும் கூடிய சிஏ/பிரவுசர் ஃபோரம் என்னும் மகாசபை 2025 ஏப்ரலில் செய்த தீர்மானத்தின்படி, 398 நாளாக இருந்த தளச் சான்றின் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாளாகவும், மறுவருஷம் அதே தேதி முதல் 100 நாளாகவும், 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகவும் சுருங்குகிறது. எங்கள் ஊரில் ஒரு மண்டலம் என்பது 48 நாள். விரதம் தொடங்கிய அன்று பிறந்த சான்று விரதம் முடிவதற்கு ஒரு நாள் முன்னே காலமாகிவிடும். என்னிடம் வருஷத்துக்கு ஒரு முறை கேட்பதையே நான் பெரிதாக முறையிடுகிறேன்!

இதையெல்லாம் இயந்திரமே தவறாமல் புதுப்பித்துக்கொள்ளும் என்று தாங்கள் திருவாய் மலர்வீர்கள். இருக்கலாம். 2018 டிசம்பரில் எரிக்சன் கம்பெனியின் மென்பொருளில் ஒரு சான்று காலாவதியாகி, இங்கிலாந்தில் ஓ2 கம்பெனியின் லட்சோபலட்சம் சந்தாதாரர்கள் ஒரு நாள் முழுதும் இணையமின்றித் தவித்தார்கள்; 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டு தன் டீம்ஸ் செயலிக்குரிய சான்றைப் புதுப்பிக்க மறந்து சில மணி நேரம் அதை முடக்கி வைத்தது. அவர்களை யாரும் மரப்பெஞ்சியில் உட்காரவைத்து, எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று குரலைத் தாழ்த்திக் கேட்கவில்லை.

ஆகையால், காலஞ்சென்ற டிஎஸ்டி பெரியவருக்கு அளித்த அதே சலுகையை அடியேனுக்கும் அளிக்கத் திருவுளம் பற்ற வேண்டும். நான் இன்றே ஓர் ஆயுள் சான்றில் கையெழுத்திட்டுத் தருகிறேன். என் காலத்துக்குப் பின் மூன்று வருஷம் அது செல்லுபடியாகும் என்று உத்தரவிடுங்கள். ஓய்வூதியத்தை மனைவி வாங்கிக்கொள்வாள். தேதியைச் சரிபார்க்க வேண்டாம் என்று அந்த இளைஞரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும்.

இப்படிக்கு,
இக்கடிதம் எழுதும் தேதியில் உயிரோடிருப்பதாகத் தானே சொல்லிக்கொள்ளும்,
ஓர் ஓய்வூதியன்
(சான்று இணைக்கப்படவில்லை)