இரும்புக்கை மாயாவி கைத்தறியா, விசைத்தறியா?
ஆரணித் தறிச் சான்றுகள் வழி ஓர் ஆய்வு

இரும்புக்கை மாயாவி குற்றவாளியாக இருந்து அரசாங்க உளவாளியானவர். இயற்பெயர் லூயிஸ் கிராண்டேல். 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில், ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகையில் பிறந்தார். 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழில் தமிழரானார். விபத்தில் போன வலக்கைக்குப் பதில் உருக்குக் கை; மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

பெயர்: மூலத்தில் உருக்கு, தமிழில் இரும்பு. மூலத்தில் கூர்நகம், தமிழில் வெறும் கை. பணியில் சேருமுன்பே இரண்டு பதவியிறக்கம் பெற்ற அலுவலர் இவர் ஒருவரே.

குற்றக்காலம்: திருடினார், மிரட்டினார். ஆய்வுக்கு இதில் ஒன்றுமில்லை.

பணிக்காலம்: பிரிட்டனின் நிழற்படையில் ரகசிய உளவாளி. விரல் துப்பாக்கியானது. காவல்துறை நன்னடத்தைச் சான்று எப்படிக் கிடைத்தது என்பதை எந்த இதழும் சொல்வதில்லை. சொல்லாததால் அது முறைப்படிக் கிடைத்தது என்று கொள்வதே ஆய்வு மரபு.

வகைப்பாடு: சிக்கல் இங்கேதான். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்குகிறது. முதலில் 22 ரகங்கள், பிறகு 11. சேலை அவற்றுள் ஒன்று. கைத்தறி எது? விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்கிறது சட்டம். மாயாவியிடம் கையும் உண்டு, மின்சாரமும் உண்டு. மின்சாரத்தால் இயங்குவதால் அவர் விசைத்தறி என்பது ஒரு தரப்பு. மின்சாரம் மறைப்பது உடம்பைத்தான், வேலை செய்வது கையே, ஆகவே கைத்தறி என்பது மறுதரப்பு.

மறுதரப்புக்கு ஆரணி வலுவான கள ஆதாரம் தருகிறது. பட்டுத்தறிக் குழியில் நெசவாளர் இடுப்பளவு இறங்கி உட்கார்ந்திருப்பார். மிதியும் கால்களும் குழிக்குள். மேலே ஜக்கார்டு அட்டைகள், முன்னே விறைத்து நிற்கும் பாவு. தெருவாசலிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு ஆள் தெரிவதில்லை. வலக்கை ஒன்று கயிற்றைச் சுண்டுவதும் நாடா ஓடுவதும் மட்டும் தெரியும். அதுவும் வலக்கையே என்பதை முன்னாய்வாளர் எவரும் குறிக்கவில்லை. முன்னாய்வாளர் எவரும் இல்லாததே காரணம். கூட்டுறவுச் சங்கத்தில் சேலைக்குக் கூலி வாங்கவும் அதே கைதான் நீளும். தறியில் மாயாவித்தன்மை மின்சாரமின்றியே நிகழ்வதால் விசைத்தறித் தரப்பு தோற்கிறது.

தோல்வியை அத்தரப்பு ஏற்கவில்லை. அது காட்டும் எதிர்ச்சான்று: கரையான் அரித்த, அட்டையிழந்த, பஜ்ஜி மடித்ததால் எண்ணெய் ஊறிய ஒரு காமிக்ஸ் பிரதியின் 38ஆம் பக்கம். அப்பக்கம் கிடைக்கவில்லை. 37க்கும் 39க்கும் நடுவே அது இருந்திருக்க வேண்டும் என்று கணித வழியில் நிறுவுகிறார்கள். 39ஆம் பக்கமும் கிழிந்திருப்பதை அடிக்குறிப்பில் ஒத்துக்கொள்கிறார்கள். அடிக்குறிப்பு கட்டுரையைவிட நீளம்.

வருகைப் பதிவு: கை தெரிவதால் கையெழுத்துக்குத் தடையில்லை. விரல்ரேகைக் கருவி ஏற்காது.

ஓய்வூதியம்: உயிரோடிருப்பதற்கு ஆண்டுதோறும் சான்று தரவேண்டும்; நேரில் தோன்றியும் தரலாம். அன்று மின்தடை இருப்பது அவருக்கு நல்லது.