குடவோலை முறையில் சைக்கிள் தேர்வு: மாகறல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வடக்கே ஓரிக்கையில் பாலாறு, தெற்கே உத்திரமேரூர், நடுவே செய்யாற்றங்கரையில் மாகறல். இதுவே இவ்வாய்வின் எல்லை. காலை நடையில் சலிப்புத் தட்டி, ‘ஒரு சைக்கிள் வாங்கி ஓட்டினால் என்ன’ என்று நாற்பது வயதுக்கு மேல் யோசிக்கும் ஒருவர் எந்த வண்டியை வாங்க வேண்டும் என்பதே ஆய்வுச் சிக்கல். அவர் தார்ச்சாலையிலும் போவார், ஏரிக்கரையிலும் போவார், வரும் வழியில் கீரைக்கட்டு வாங்கி வரச் சொன்னால் அதையும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

முன்னோரிடம் இதற்கு விடை இல்லை. மாகறலைப் பாடிய திருஞானசம்பந்தர் முத்துச்சிவிகையில் ஊர் ஊராகப் போனவர் என்பதால், சாலைப் பள்ளங்கள் பற்றி அவர் வழியாக நமக்குத் தகவல் எதுவும் கிடைக்கவில்லை. பிற்காலத்தார்க்கோ சிக்கலே இல்லை. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, 1951இல் சோனிப்பட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ. எதை வாங்கினாலும் பெரும்பாலும் கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், குறுக்கே ஒரு பார். அந்தப் பாருக்குக் கீழே கால் விட்டுக் குரங்குப் பெடல் அடித்த தலைமுறை, எந்த வண்டி என்று கேட்டதில்லை. எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்டது. 2001-02இல் அரசு பள்ளி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் தரத் தொடங்கிப் பின்பு மாணவர்களுக்கும் நீட்டித்தபோதும் இதே நிலைதான். வரிசையில் நின்றால் வண்டி வந்துவிடும்.

இன்று கடைக்குள் நுழைந்தால் ரோடு பைக், எம்டிபி, ஹைபிரிட், ஃபேட் பைக் என்று நாலு வகை. மூன்று பேரிடம் யோசனை கேட்டால் ஐந்து பதில்.

இதற்கான தெளிவான நெறிமுறை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே இருப்பதை அறிஞர்கள் கவனிக்கத் தவறிவிட்டனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919இலும் 921இலும் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகள், ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் எடுப்பது பற்றியவை என்றே இதுவரை கருதி வந்துள்ளனர். அவர்கள் சைக்கிள் ஓட்டியதில்லை போலும்.

முதலில் அகவை. 919ஆம் ஆண்டு விதி, 30க்கு மேல் 60க்குக் கீழ் என்றது. இரண்டே ஆண்டில் அதை 35க்கு மேல் 70க்குக் கீழ் என்று திருத்தினார்கள். 30 மில்லிமீட்டர் டயர் போட்டுப் பார்த்து, இந்தச் சாலைக்கு ஆகாது என்று கண்டிருக்கிறார்கள் என்பதன்றி வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. இவ்விதியின்படி 25 மில்லிமீட்டர் டயரில் வரும் ரோடு பைக் வயது போதாமல் தள்ளுபடி. நாலங்குல டயர் கொண்ட ஃபேட் பைக் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர். வயது கடந்துவிட்டதால் அதுவும் தள்ளுபடி.

அடுத்தது, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்க்கும் அவர் உறவினர்க்கும் இடமில்லை என்ற விதி. விலை மலிவான எம்டிபியின் முன்பக்க ஷாக் அப்சார்பரையே இது குறிக்கிறது. ஏறி நின்று மிதித்தால் வண்டி முன்னே போவதற்குப் பதில் மேலும் கீழும் ஆடுகிறது. நாம் கொடுத்த விசையில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, அது எங்கே போனதென்று சொல்வதில்லை. ஹைபிரிடிலும் சில ஷாக் வைத்து வருகின்றன. அவை உறவினர் விதியில் அடிபடும்.

மூன்றாண்டுக்குள் பதவி வகித்தவர் மீண்டும் வரக்கூடாது என்பது வண்டிக்கல்ல, வாங்குபவருக்கு. அண்மையில் டிரெட்மில் வாங்கி அதில் துணி காயப் போட்டிருப்பவர் மூன்று வருடம் பொறுப்பது நலம்.

கியர் பற்றிக் கல்வெட்டு மௌனம் சாதிக்கிறது. முன்னே மூன்று, பின்னே ஏழு, ஆக 21 என்று கடைக்காரர் பெருக்கிக் காட்டுவார். ஆற்றுச் சமவெளியான இப்பகுதியில் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது பாலமும் ஏரிக்கரையும்தான். ஆடிக்காற்று எதிரே அடித்தால் ஒரு கியர், முதுகில் அடித்தால் ஒரு கியர். முன்னே ஒன்று, பின்னே ஏழு தாராளம்.

வேதமும் பாஷ்யமும் அறிந்திருக்க வேண்டும் என்ற தகுதி பஞ்சர் கடையைச் சேர்ந்தது. சீமைக்கருவேல முள் எந்த வண்டியையும் விடாது. டியூப்பைத் தண்ணீரில் முக்கி, குமிழி கிளம்பும் இடத்தைத் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, சொலூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். காற்றடிக்கும்போதுதான் சிக்கல். ஒல்லியான பிரெஸ்டா வால்வில் கடைக்காரரின் பம்பு வாய் பொருந்தாது. மோட்டார் சைக்கிளில் இருக்கும் ஸ்ரேடர் வால்வு என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். கடையில் வண்டியின் நிறத்தைப் பார்க்குமுன் வால்வைப் பாருங்கள்.

குடவோலையில், சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்குவார். இங்கே அதற்கு வேலையில்லை. குடத்தில் மிஞ்சியது ஒரே ஓலை: ஷாக் இல்லாத ஹைபிரிட், 35க்கு மேல் 40ஐ ஒட்டிய டயர், ஸ்ரேடர் வால்வு. சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சீட்டின் உயரம். மட்கார்டு, கேரியர், சைடு ஸ்டாண்டு மூன்றையும் கடையிலேயே மாட்டி வாங்குங்கள். அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று வந்தவர்கள் யாரும் மாட்டியதில்லை.