இணையவழிச் செவ்விலக்கிய வாசிப்புக் குழு: தோற்றமும் தேய்வும்

இணையவழிச் செவ்விலக்கிய வாசிப்புக் குழு என்பது, பழைய நூல் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை சேர்ந்து படிக்கும் நோக்கத்தோடு வாட்ஸ்அப்பில் கூடுவோரின் தொகுதி. படித்து முடிப்பது இதன் நோக்கமே தவிர இலக்கணம் அன்று. இலக்கணத்தில் அதையும் சேர்த்துவிட்டால் எடுத்துக்காட்டுக்கு ஒரு குழுவும் அகப்படாது.

இதன் தொன்மை பற்றி ஐயம் வேண்டியதில்லை. இறையனார் களவியல் உரை தரும் கணக்குப்படி தலைச்சங்கத்தில் இருந்தோர் 549 பேர், இடைச்சங்கத்தில் 59, கடைச்சங்கத்தில் 49. இந்தச் சரிவுக்குக் கடல்கோளைக் காட்டிவிடுவது எளிது. குழு நடத்திப் பார்த்தவர்கள் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். 549 பேர் 59 ஆகக் கடல் பொங்க வேண்டியதில்லை, மூன்றாவது வாரம் வந்தால் போதும். தலைச்சங்கத்தை அப்படியே வாட்ஸ்அப்புக்கு மாற்றுவதில் நெடுநாள் தடையும் இருந்தது. ஒரு குழுவுக்கு 256 பேர் என்பதே வரம்பு. 2022இல் அது 512 ஆனபோதும் 37 புலவர்கள் வாசலில் நின்றிருக்க வேண்டும். அதே ஆண்டின் பிற்பகுதியில் 1024 ஆன பிறகே அகத்தியர் முதலானோர் அனைவருக்கும் இடம் உண்டாயிற்று.

குழு பெரும்பாலும் தை மாதத்தில் பிறக்கிறது. சென்னைப் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய பை மேசை மேல் பிரிக்கப்படாமல் கிடக்கும். அதைப் பார்த்த குற்ற உணர்வே வித்து. பெயரின் ஈற்றில் முற்றம், சோலை, ஊற்று, சாரல் ஆகியவற்றுள் ஒன்று வரும். முகப்புப் படம் ஓலைச்சுவடி. பிறகு விதிகள். ‘குட் மார்னிங் படங்கள் கூடாது’ என்பது எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான முதல் விதி. மறுநாள் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூவின் மேல் ‘இனிய காலை வணக்கம்’ என்று எழுதிய படம் வந்து சேரும். அது தமிழில் இருப்பதால் விதியை மீறியதாகுமா என்ற விவாதமே குழுவின் முதல் இலக்கிய விவாதம். தரத்தில் இதை மிஞ்சும் விவாதம் பின்னர் நிகழ்வது அரிது.

அடுத்தது நூல் தேர்வு. திருக்குறள் ‘அதுதான் தெரியுமே’ என்று தள்ளப்படும். கம்பராமாயணம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல் கொண்டது. நாளுக்கு ஒன்று என்றாலும் 27 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்குப் பார்ப்பவர் ஒருவர் எங்கும் இருப்பார். ‘பொன்னியின் செல்வன்’ செவ்விலக்கியமா என்பதில் மூன்று நாள் போகும், இருவர் பேச்சை நிறுத்திக்கொள்வர். முடிவில் சிலப்பதிகாரம். கதை தெரிந்தது, பகுதிகள் 30, வாரம் ஒன்று.

இங்கேதான் இளங்கோவடிகள் ஒரு பொறி வைத்திருக்கிறார். மங்கல வாழ்த்தில் எல்லோரும் இருப்பார்கள். மனையறம் படுத்த காதையில், தன் கல்யாணத்தில் யாராவது இப்படிப் பேசினார்களா என்று சில சகோதரிகள் கேட்பார்கள். மூன்றாவது அரங்கேற்று காதை. ஆடலாசிரியன் எப்படி இருக்க வேண்டும், குழலோன் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் முடிந்து, ஒரு கோலுக்கு 24 விரல் என்ற அளவில் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடை எழும்பும். அந்த வாரமே பலருக்கு வீட்டில் விசேஷம் வந்துவிடுகிறது. எல்லோரும் காத்திருக்கும் வழக்குரை காதை இருபதாவது. பொங்கலன்று தொடங்கிய குழு அதற்கு வந்து சேர்வது மே மாதக் கடைசியில், சீருடைக்கும் நோட்டுக்கும் கடை கடையாக அலையும் வாரத்தில். இன்று கிடைக்கும் அடியார்க்கு நல்லார் உரையே ஊர்சூழ் வரியோடு, அதாவது பத்தொன்பதாவதோடு, நின்றுவிடுவதால், இடையில் நிற்பது உரைமரபுக்குப் புறம்பானதன்று என்று கொள்ளலாம்.

ஜூம் கூட்டம் கட்டணமின்றி 40 நிமிடம். ‘கேக்குதுங்களா?’, ‘மைக் ஆன் பண்ணுங்க ஐயா’ ஆகியவற்றுக்குப் போக எஞ்சுவதை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

உறுப்பினர் வகையைப் பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் முன்னரே வகுத்துவிட்டார். அவர் மாணாக்கர் என்று நினைத்து எழுதினார் என்பது மட்டுமே வேறுபாடு. அன்னமும் பசுவும் முதல் தரம். கள ஆய்வில் இவை தென்படவில்லை. கிளி, வந்ததை வந்தபடி அடுத்த குழுவுக்கு அனுப்புவது. ஓட்டைக்குடம், ‘நேத்து என்ன படிச்சோம்?’ என்று தினமும் கேட்பது. ஆடு கானல்வரி நடக்கும்போதே ‘அடுத்து மணிமேகலை போகலாமா?’ என்னும், மணிமேகலை தொடங்கினால் சிந்தாமணியை எட்டிக் கடிக்கும். எருமை குளத்தைக் கலக்குவது. கோவலன் என்ன சாதி என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போகும். காலையில் எழும்போது 212 செய்திகள் கிடக்கும். நெய்யரி நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது. நான்கு பக்க விளக்கத்தின் கீழே ‘மூன்றாம் வரியில் ஒற்று மிகாது’ என்று எழுதுபவர் இவரே, அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

நன்னூல் சொல்லாமல் விட்ட வகை ஒன்றும் உண்டு. அதற்குக் களவியல் உரைக்கே திரும்ப வேண்டும். நூலுக்குச் சங்கத்தார் சொன்ன உரைகளில் எது மெய்யுரை என்று தீர்ப்பளிக்க உட்கார்ந்தவன் உருத்திரசன்மன் என்னும் வாய்பேசாத சிறுவன். நக்கீரர் உரைத்தபோது அவன் கண்ணீர் வார்த்தான், மெய் சிலிர்த்தான், அதுவே தீர்ப்பு. இவனது வழிவந்தோர் குழுவுக்கு ஒருவர் இருக்கலாம். சேர்ந்த நாளில் கும்பிடு போட்டதோடு சரி, பிறகு ஒரு சொல்லும் எழுத மாட்டார். குழு கானல்வரியில் நின்று மாதங்கள் ஆனாலும் இவர் வாரம் ஒன்றாகத் தனியே படித்துப் போய்க்கொண்டிருப்பார். மே மாதக் கடைசி ஞாயிறு இரவு இவரிடமிருந்து திடீரென்று ஓர் அழும் முகம் வரும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கிளி முதலில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுதும், மற்றவர்கள் கைகூப்பித் தொடர்வார்கள், அட்மின் விளக்குப் படம் போடுவார். இறந்தவர் பாண்டியன் நெடுஞ்செழியன் என்பதை யாரும் விசாரிப்பதில்லை.