கட்டுச்சோறு சுமக்கும் மீன்

கேள்வி: பண்ணை சால்மனா, கடலில் தானாக வளர்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உறையைப் படியுங்கள். ‘அட்லாண்டிக்’ என்றிருந்தால் அநேகமாக நார்வே, சிலி, ஸ்காட்லாந்துப் பண்ணைவாசி. ‘அலாஸ்கா’ என்றிருந்தால் தாராளமாக வாங்கலாம். 1990-லேயே மீன் பண்ணைக்கு அங்கே தடை போட்டுவிட்டார்கள். குஞ்சு பொரித்து வெளியே விடுவதுண்டு. அதற்குப் பிறகு அவரவர் சாப்பாட்டை அவரவர்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சாக்கை சால்மன் இவ்வளவு சிவப்பாக இருக்கிறதே, சாயமா?

பதில்: சாப்பாடு! கூனி போன்ற சிற்றுயிர்களில் உள்ள அஸ்டாக்சாந்தின் தரும் நிறம். பண்ணையில் இதைத் தீவனத்தில் கலக்கிறார்கள். ஆகவே நிறத்தை நம்பிப் பர்ஸைத் திறக்காதீர்கள்.

கேள்வி: கொழுப்புள்ள மீன் உடம்புக்கு நல்லதா?

பதில்: இது வெறும் கொழுப்பல்ல, கட்டுச்சோறு. முட்டையிட ஆற்றுக்குள் நுழைந்ததும் சால்மன் சாப்பாட்டை நிறுத்திவிடும். யூகான் ஆற்றில் சில கிங் சால்மன்கள் 3,000 கிலோமீட்டர் எதிர்நீச்சல் போடுவது, கடலில் சேர்த்த கொழுப்பை நம்பித்தான். (யூகான் கிங் சால்மனைத் தேடி அலையாதீர்கள், வரத்து குறைந்ததால் அதைப் பிடிக்க 2024-ல் ஏழாண்டுத் தடை விதித்தார்கள்.) அந்தக் கொழுப்பில்தான் ஒமேகா-3 இருக்கிறது. ஆளி விதையிலும் ஒமேகா-3 உண்டு. ஆனால் இதயத்துக்கு வேண்டிய வடிவத்துக்கு உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் மாற்றும். மீனில் அது தயாராகவே இருக்கிறது. கூடவே 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம், பி12, உணவில் அபூர்வமான வைட்டமின் டி. ஒமேகா-3 பண்ணை மீனிலும் குறைவில்லை; ஆனால் மொத்தக் கொழுப்பும் கலோரியும் அதில் கூடுதல்.

கேள்வி: நான் வறுத்தால் சக்கையாகிவிடுகிறதே?

பதில்: கடலில் வளர்ந்த சால்மனில் பண்ணை மீனைவிடக் கொழுப்பு குறைவு, அதனால் சீக்கிரம் வெந்துவிடும். ஈரம் துடைத்து, உப்பு, மிளகு தூவி, எண்ணெய் தடவிய கல்லில் தோல்பக்கம் கீழே இருக்கப் போடுங்கள். மிதமான தீ. முக்கால்வாசி வெந்ததும் ஒரே ஒரு முறை திருப்பி, ஒரு நிமிடத்தில் இறக்குங்கள். மடல் மடலாகப் பிரிந்தால் பதம். வெள்ளையாகத் திரண்டு வழிவது புரதம். நிறைய வழிந்தால் அடுப்பைக் குறையுங்கள். எலுமிச்சை போதும், மசாலா டப்பாவுக்கு ஒருநாள் லீவு கொடுங்கள்.

கேள்வி: பச்சையாக?

பதில்: புழு இருக்கலாம். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைக்க வேண்டும். உங்கள் ஃப்ரிட்ஜை நான் நம்பவில்லை.

கேள்வி: விலை கட்டுப்படியாகவில்லையே?

பதில்: டப்பாவில் வரும் பிங்க் சால்மன் மலிவு, சத்தில் பெரிய நஷ்டமில்லை. அதிலுள்ள எலும்பு மெத்தென்று வெந்திருக்கும். தூக்கி எறியாதீர்கள், கால்சியம் அதில்தான் இருக்கிறது.